பிள்ளைகள் செய்ததைப் பிள்ளைகளே சொல்லட்டும்

தொடக்கப்பள்ளியில் "ப்ராஜெக்ட்" என்று சொன்னதும் பெற்றோர் முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனரி கடைக்கு ஓட வேண்டும், தெர்மாகோல், சார்ட், ஸ்கெட்ச், பளபளப்புத் தாள் வாங்க வேண்டும், நெட் சென்டரில் நாலு கலர் பிரிண்ட் எடுக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணி வரை அப்பா உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார், பிள்ளை பக்கத்தில் தூங்கிப்போயிருக்கும். மறுநாள் அது பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும், எல்லாரும் போட்டோ எடுப்பார்கள், அந்தப் பிள்ளையிடம் "இது எப்படி நிக்குது?" என்று கேட்டால் தரையைப் பார்க்கும்.

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, வகுப்பில் செய்கிற வேலைகளைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவுப் பரீட்சையான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். பரீட்சையில் எழுதுவது மட்டும் படிப்பில்லை, பிள்ளை செய்து பார்ப்பதும் கணக்கில் வர வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது. ஆனால் செய்வதற்கு மதிப்பெண் என்று ஆனதும், செய்துகொடுக்கும் கடைகள் முளைத்துவிட்டன. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை பெரிய கோயிலைத் தெர்மாகோலில் கொண்டுவந்து வைக்கும், விறகை எரித்துக் கரி எடுக்கிற மூட்டத்துக்கு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே எடுக்காமலே நிற்கும். இது தப்பு. பிள்ளைகளிடம் இருக்கிற குறை இல்லை இது, நாம் வேலையைக் கொடுக்கிற விதத்தில் இருக்கிற குறை.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியை ஒன்று முதல் மூன்று வரை பார்க்கிறார், 4, 5 என் பொறுப்பு. எங்கள் பிள்ளைகள் தாங்கள் வரைந்ததை, செய்ததை, எழுதியதை ஊருக்குக் காட்டும் வழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கியிருக்கிறோம். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன், இன்னொரு பள்ளியில் யாருக்காவது உதவும் என்று. இதில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான். பொருள் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. தன் கையால் செய்ததைப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும், அதை ஒரு ஆள் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் எங்கள் கண்மாய் வேலையைச் சொல்கிறேன். கண்மாய் என்றால் எங்கள் பக்கத்து ஏரி.

ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், மேலூர்க்காரங்க கண்மாய் கலுங்கு போகுது, நம்ம கண்மாயில முழங்கால் தண்ணிகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டான். கலுங்கு போகுது என்றால் கண்மாய் நிறைந்து மிஞ்சின தண்ணீர் வெளியே போகிறது என்று அர்த்தம். அவன் கேட்டதற்குப் பதில் எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். சரி, போய்ப் பார்ப்போம் என்று பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியையும் இரண்டு அம்மாக்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கரையோடு நடந்தோம். கரை எவ்வளவு நீளம் என்று பிள்ளைகள் காலடியால் அளந்தார்கள், ஆளுக்கொரு எண் வந்தது, உன் கால் சின்னது, என் கால் பெரிசு என்று சண்டை. அப்புறம் பத்து மீட்டர் கயிறு கொண்டுபோய் அளந்தோம். நீட்டலளவைப் பாடத்தை அதற்குப் பிறகு நான் தனியாக நடத்தவில்லை. "இப்படி நடந்துகொண்டிருந்தால் பாடம் எப்போது முடியும்?" என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அளவை, வரைபடம், கேட்டு எழுதுதல், கடிதம் எழுதுதல் எல்லாம் அந்த ஒரு கண்மாய்க்குள்ளேயே இருந்தன.

திரும்பி வந்து வேப்பமரத்தடியில் பழைய ஃபிளக்ஸை விரித்து அதன்மேல் கண்மாய் மண்ணாலேயே கண்மாய் கட்டினார்கள். ஒன்று இல்லை, மூன்று. இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் பல ஒன்றுக்கொன்று தொடர்ந்து இருப்பவை, மேலே உள்ளது நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழே உள்ளதற்கு வரும். அதைச் செய்து பார்த்தால்தான் அந்தப் பையன் கேட்டதற்குப் பதில் கிடைக்கும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடைக்குக் குழாய் வேண்டுமே என்று தேடி, ஒரு பெண் பப்பாளி இலைக்காம்பை ஒடித்துக் கொண்டுவந்தாள், உள்ளே பொள்ளலாக இருக்கிறதல்லவா, அப்படியே பொருந்தியது. கலுங்குக்கு ஓட்டுச் சில்லு. வயலுக்குக் கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்தார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் சீமைக்கருவேல முள் குச்சிகளையும் கொஞ்சம் மண்ணையும் நெருக்கமாகச் செருகி, மேலிருந்து சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் அங்கேயே தேங்கிப் பக்கவாட்டில் போய்விடும், கீழ்க் கண்மாய் காய்ந்து கிடக்கும். குச்சியைப் பிடுங்கினால் தண்ணீர் வந்து சேரும். கேள்வி கேட்டவனே அதைச் செய்து காட்டினான். நான் ஒரு மணி நேரம் கரும்பலகையில் வரைந்து விளக்கியிருந்தாலும் அது இந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

ஊர்க்காரர்களை அழைத்த நாளில் நடந்ததுதான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. பிள்ளைகள் ஒவ்வொரு மடையாகக் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு தாத்தா, அந்தக் காலத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தவர், குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஒரு மடை விட்டுட்டீகளே. புளியமரத்துக்குக் கிழக்கால ஒண்ணு இருந்துச்சு. தூந்து போச்சு, அதான் உங்க கண்ணுல படல" என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண், "எந்த இடம் தாத்தா, நீங்களே வையுங்க" என்று பப்பாளிக் காம்பை நீட்டினாள். அவர் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தார், கரையை விரலால் உடைத்தார், காம்பைச் செருகினார், அதற்கப்புறம் எந்த மடையிலிருந்து எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் போகும், யார் முறை எப்படி வைத்திருந்தார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் மாவட்டத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்கள் என்பதை இந்தப் பிள்ளைகள் அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டார்கள். நாற்பத்தெட்டு மடையா என்று வாயைப் பிளந்தார்கள், அவர்கள்தான் ஒரு மடை செய்யவே எவ்வளவு பாடு என்று பார்த்திருந்தார்களே.

இதிலிருந்து எடுத்துக்கொண்டது: வேலையை முழுசாக முடித்து, காயவைத்து, கண்ணாடித் தாள் போட்டு வைக்காதீர்கள். பக்கத்திலேயே ஈர மண் உருண்டை ஒன்று இருக்கட்டும், வரைபடம் என்றால் பென்சில் ஒன்று கட்டித் தொங்கட்டும். வருகிறவர்கள் ஏதாவது சேர்க்கவோ மாற்றவோ இடம் இருந்தால் அவர்கள் பார்வையாளராக மட்டும் நிற்கமாட்டார்கள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூச்சப்படுகிற பெரியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. தங்களுக்குத் தெரிந்த ஒன்று அங்கே கேட்கப்படுகிறது என்று தெரிந்தால் அவர்கள் வருவார்கள்.

ஏற்பாடு பற்றி. மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையாக மேடையேறி மனப்பாடம் ஒப்பித்தால் நாலாவது பிள்ளைக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. நாங்கள் சந்தை மாதிரி வைக்கிறோம். வராந்தாவிலும் வகுப்பறையிலும் ஜமுக்காளம், பெஞ்சு, சுவர் ஓரம் என்று ஆளுக்கொரு இடம், தன் பொருளோடு அந்தப் பிள்ளை அங்கேயே நிற்கும். பாதிப் பேர் நிற்பார்கள், பாதிப் பேர் சுற்றிப் பார்ப்பார்கள், மணி அடித்ததும் மாறிக்கொள்வார்கள். இதில் ஒரே விஷயத்தைப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வரும், முதல் ஆளிடம் தடுமாறுவதை ஐந்தாவது ஆளிடம் சரளமாகச் சொல்லும். எந்தப் பயிற்சியும் கொடுக்காமலே பேச்சு வளர்வதைக் கண்முன் பார்க்கலாம்.

எங்கள் பள்ளியில் யாரிடமும் வாயே திறக்காத ஒரு பெண் இருந்தாள். அவளை விளக்கச் சொல்லவில்லை, கண்மாய்க்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையைக் கொடுத்தோம். சொல்லுகிறவன் சொல்லச் சொல்ல இவள் ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு இடத்தில் தப்பாகச் சொல்ல, இவள் சொம்பை நிறுத்திவிட்டு "மொதல்ல கலுங்குடா" என்றாள். அப்புறம் அந்தச் சாயங்காலம் பாதிக் கதையை அவள்தான் சொன்னாள். பேசத் தயங்குகிற பிள்ளைக்கு "பேசு, பேசு" என்று நெருக்காமல் கைக்கு ஒரு வேலை கொடுங்கள், அதுவும் அந்த வேலை இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது என்கிற அளவுக்கு முக்கியமான வேலையாக இருக்க வேண்டும்.

கேட்கிறவர்களைத் தயார் செய்வது காட்டுகிறவர்களைத் தயார் செய்வதைவிட முக்கியம். பெரியவர்கள் நாம் "சூப்பர்", "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம், பிள்ளைக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் தினமும் ஒருவர் எதையாவது காட்ட வேண்டும், ஐந்து நிமிடம். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். சும்மா நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லக்கூடாது, கண்ணால் என்ன பார்த்தாய் என்று சொல்ல வேண்டும். எதிலிருந்து செய்தாய், எந்த இடம் சரியாக வரவில்லை, மறுபடி செய்தால் எதை மாற்றுவாய், இந்த மூன்று கேள்விகளை வாசல் கதவிலும் எழுதி ஒட்டினோம், வருகிற பெற்றோருக்காக. இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. தானே செய்த பிள்ளை அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தாது, பசை காயவில்லை, கரை இடிந்தது, நாய் வந்து மிதித்தது என்று ஒரு பெரிய கதை வரும். வேறு யாரோ செய்துகொடுத்திருந்தால் பதிலே வராது.

சின்ன வகுப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஆடு வரைந்தான். தலைமையாசிரியை அவனைச் சொல்லச் சொல்லி, சொன்னதை அப்படியே அடியில் எழுதினார்: "இது எங்க ஆடு. இதுக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கு. நாய் கடிச்சிருச்சு. ஆனா குட்டி போட்ருச்சு." பேச்சில் வந்தது பேச்சாகவே இருந்தது, "கடித்துவிட்டது" என்று திருத்தவில்லை. மறுநாள் அவன் அந்த வரிகளை விரல் வைத்து வாசித்தான், எழுத்துக்கூட்டத் தெரியாதவன், தான் சொன்னது என்பதால் எங்கே "ஆடு" இருக்கிறது, எங்கே "குட்டி" இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். ஆடு ஏன் இந்த நிறத்தில் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. "குட்டி எத்தனை?" என்று கேட்டார்கள், அவன் உடனே தாளை எடுத்துப்போய் இரண்டு குட்டிகளை வரைந்துகொண்டு வந்தான்.

மூன்றாம் வகுப்பிலிருந்து அவர்களே எழுதுவார்கள். முதலில் எழுதியதையும், பக்கத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து திருத்தி எழுதியதையும் இரண்டையும் சேர்த்தே தொங்கவிடுகிறோம். எழுத்துப் பிழை இருக்கிற தாளைச் சுவரில் போடலாமா என்று சில ஆசிரியர்களுக்குத் தயக்கம் இருக்கும். போடலாம், பக்கத்தில் திருத்தியதும் இருந்தால் பிள்ளை எவ்வளவு உழைத்திருக்கிறது என்று வருகிறவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் எழுதிக்கொடுத்து அதைப் பார்த்து எழுத வைப்பதுதான் கூடாது. அப்படிச் செய்தால் இருபது தாளும் ஒரே குரலில் பேசும்.

2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தருகிற எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம், அது பாடத்துக்கு உதவுகிறது. ஆனால் யார் அரும்பு, யார் மலர் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். படைப்பு வேலையில் அந்தப் பிரிவை நான் கலைத்துவிடுவேன். வாசிப்பில் பின்னால் இருக்கிற பிள்ளை பனை ஓலையைக் கையில் எடுத்தால் கிலுகிலுப்பை, பாம்பு, காத்தாடி என்று மடித்துத் தள்ளும், அதன் அப்பத்தா சொல்லிக்கொடுத்திருப்பார். அந்த நேரத்தில் மலர் நிலைப் பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள். இதைப் பார்க்கிற ஆசிரியருக்கும் அந்தப் பிள்ளை மேல் இருக்கிற எண்ணம் மாறும், அதுதான் பிள்ளைக்குக் கிடைக்கிற பெரிய லாபம்.

எங்கே தொங்கவிடுவது? செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்தபோது, வகுப்பறைக்குள் கம்பிப் பந்தல் கட்டினோம், பிள்ளைகள் செய்ததை அதில் மாட்டுவதற்காக. கீழ்மட்டக் கரும்பலகையும் அப்போது வந்ததுதான், பிள்ளை உட்கார்ந்தபடியே எழுதலாம். முறைகள் மாறினாலும் பல பள்ளிகளில் அந்தக் கம்பிகள் இன்னும் இருக்கின்றன, ஒட்டடை படிந்து. துடைத்துப் பயன்படுத்துங்கள். கம்பி இல்லாவிட்டால் நைலான் கயிறும் துணி கிளிப்பும் போதும், ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில் கட்ட வேண்டும், சுமார் மூன்றடி. பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும். எல்லாப் பிள்ளைகளுடையதும் தொங்க வேண்டும், "நல்லதா நாலு எடுத்து மாட்டுங்க" என்கிற பேச்சே வேண்டாம். காற்றாடியைப் போட்டால் தாள் பறக்கும், அதனால் மின்விசிறிக்கு நேர் கீழே கட்டாதீர்கள். மைதாப் பசைக்கு எலியும் கரப்பானும் வரும், சனி ஞாயிறு பள்ளி பூட்டியிருந்தால் திங்கட்கிழமை பாதித் தாள் இருக்காது. கிளிப்தான் நல்லது.

செலவு விஷயம். முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்பதுதான் கணக்கு, சாக்பீஸ், விளக்குமாறு, குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள்ளே. அதனால் வாங்குவதைக் குறைத்தோம். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், பழைய காலண்டர் தாளும் அட்டையும் வீட்டுக்கு வீடு கிடைக்கும். எங்கள் பக்கம் கரிமூட்டம் நிறைய, அங்கிருந்து வந்த கரித்துண்டால் பிள்ளைகள் வரைந்த படங்கள் எந்த ஸ்கெட்ச் பேனாவும் கொடுக்காத அழகு. கரி அழியும், மேலே ஒரு செய்தித்தாளை வைத்து அடுக்குங்கள். செம்மண் நன்றாக நிற்கும். மஞ்சளும் பீட்ரூட் சாறும் முதல் நாள் பிரமாதமாக இருக்கும், கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். கண்மாய் மண்ணில் செய்த பொம்மைகளை வெயிலில் வைத்தால் வெடிக்கும், ஈரத்துணி போட்டு நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும், கொஞ்சம் மணல் சேர்த்துப் பிசைந்தால் விரிசல் குறையும்.

எல்லா வேலையும் பள்ளி நேரத்துக்குள் பள்ளியிலேயே நடக்க வேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். வீட்டுக்கு அனுப்பினால் வீட்டு வசதி உள்ளே வந்துவிடும். வீட்டிலிருந்து வர வேண்டியது கதையும் விவரமும்தான், அப்பத்தாவைக் கேட்டு வா, ஐயாவைக் கேட்டு வா என்று அனுப்புவோம்.

பெற்றோர் வரவேண்டும் என்றால் அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்க வேண்டும். காலை பதினோரு மணிக்கு வைத்துவிட்டு "இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. நூறு நாள் வேலைக்கும் மூட்டத்துக்கும் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரமுடியாது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்களையே கேட்டோம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்றார்கள், அப்படியே வைத்தோம். அழைப்பிதழை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் எழுதிக் கொண்டுபோகும், "நான் செய்ததை நீங்கள் பார்க்க வேண்டும்" என்று பிள்ளை எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வராமல் இருப்பவர்கள் குறைவு. வந்தவர்களுக்குச் சுண்டலும் டீயும். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பிள்ளையைப் பற்றிக் குறைதான் கேட்க வேண்டும் என்று பழகியிருந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை முன்னால் உட்கார்ந்து கதை கேட்கிறார்கள்.

பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைத்திருவிழா 2022-23இலிருந்து நடக்கிறது, எங்கள் பிள்ளைகளும் போகிறார்கள், ஆடவும் பாடவும் திறமை உள்ள பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் அது போட்டி, அங்கே முதலாவது, இரண்டாவது உண்டு. வகுப்பறையில் காட்டுவதை அதன் ஒத்திகையாக மாற்றிவிட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். பரிசு என்று அறிவித்த உடனே பிள்ளைகள் பக்கத்து இடத்தைக் கேள்வியோடு பார்ப்பதை விட்டுவிட்டு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பிப்பார்கள், பெற்றோர் அதைவிட வேகமாக ஆரம்பிப்பார்கள்.

போட்டோ பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை தன் ஓவியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம், அடியில் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் எல்லாம் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் பரப்புவது ரொம்பச் சாதாரணமாகிவிட்டது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், ஏழு வயசுப் பிள்ளையின் முகமும் முகவரியும் யார் யார் கைக்கோ போவது நல்லதில்லை. ஓவியத்தைப் படம் எடுங்கள், கைகளை எடுங்கள், முதுகுப் பக்கமாக எடுங்கள். பெயர் வேண்டாம். பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், "இதை மத்தவங்களுக்குக் காட்டலாமா?" என்று. வேண்டாம் என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு, அந்தத் தாள் கோப்புக்குள் போகட்டும்.

கோப்பு என்றால், ஆளுக்கொன்று, காலண்டர் அட்டையை மடித்துச் செய்தது. தேதி போட்டு எல்லாத் தாளும் அதில் சேரும். பிப்ரவரியில் தன் ஜூன் மாதத்து ஓவியத்தைப் பிள்ளை எடுத்துப் பார்த்துச் சிரிக்கும், "அப்ப எனக்குக் கையே வரைய வராது டீச்சர்" என்று சொல்லும். வளர்ச்சியைப் பெற்றோருக்குக் காட்ட எனக்கு இதைவிட நல்ல பதிவேடு கிடைத்ததில்லை.

ஊரைத் தாண்டியும் கொண்டுபோகலாம். 4, 5 வகுப்புகளுக்கு வருகிற ஊஞ்சல் இதழில் வேறு ஊர்ப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்து, நாமும் அனுப்பலாமா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். அனுப்பினோம். அதோடு ஒரு பயிற்சியில் பழக்கமான, நீலகிரியில் ஒன்றியப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிற ஆசிரியையோடு பேசி, இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் அஞ்சலட்டை எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்தோம். புது யோசனை இல்லை இது, பிரான்சில் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920களிலேயே வகுப்பறையில் சின்ன அச்சு எந்திரம் வைத்துப் பிள்ளைகள் எழுதியதை அச்சடித்து வேறு பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறார். நமக்கு ஐம்பது பைசா அஞ்சலட்டை இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் கண்மாயைப் பற்றி எழுதி அனுப்பினார்கள். மலையிலிருந்து வந்த பதிலில், "மடை என்றால் என்ன? கலுங்கு என்றால் என்ன? எங்கள் ஊரில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்" என்று இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆச்சரியம், மடை தெரியாத பிள்ளைகளும் உண்டா என்று. தாத்தாவிடம் பேசும்போது அவர் இவர்களைவிட அதிகம் தெரிந்தவர், கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கேயோ ஒன்றுமே தெரியாதவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதே கண்மாயைத் திரும்ப எழுதினார்கள், படம் போட்டு, அம்புக்குறி போட்டு, "மடை என்பது கரைக்கு அடியில் உள்ள கதவு, வயலுக்குத் தண்ணீர் திறப்போம். கலுங்கு என்பது மிஞ்சின தண்ணீர் போகிற வழி" என்று. நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை.

அடுத்த அட்டையில் அங்கிருந்து ஒரு பெண், "கண்மாய் வற்றினால் மீன் எல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டிருந்தாள். இதற்கு எங்கள் வகுப்பில் யாருக்கும் சரியான பதில் தெரியவில்லை. மீன்பிடிக் குத்தகை எடுத்திருந்தவரிடம் போய்க் கேட்டார்கள். பெரும்பாலானதைப் பிடித்துவிடுவோம், கொஞ்சத்தைக் கொக்கும் நாரையும் தின்னும், விரால் மட்டும் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், மழை பெய்தால் வெளியே வரும் என்றார். நாரை என்றதும் பேச்சு சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் பக்கம் போனது, இரண்டும் நம் மாவட்டத்துக் கண்மாய்கள்தான், 2022இல் ராம்சர் தலங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டவை என்று நான் சொன்னேன், அதையும் சேர்த்து எழுதினார்கள். இடம் போதாமல் இரண்டு அட்டை ஆனது.

அஞ்சலட்டை தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு அட்டையையும் பள்ளி நோட்டில் ஒரு தடவை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பதில் வர நாளாகும், அதற்குள் தான் என்ன கேட்டோம் என்பதைப் பிள்ளை மறந்திருக்கும், பதில் மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் புரியாது. அட்டைகளைப் பள்ளி முகவரிக்கே வரவழையுங்கள், வீட்டு முகவரி வேண்டாம். விடுமுறைக்கு முந்தைய வாரம் அனுப்பாதீர்கள். யாருக்காவது பதில் வராமல் போனால் அங்கே உள்ள ஆசிரியரிடம் போனில் சொல்லி எப்படியாவது ஒரு அட்டை வரவைத்துவிடுங்கள்.